சோடா வேண்டாம்

ஐம்பத்து நான்கு வயதில் முதல்முறையாக எனக்கென்று லீவு எடுத்தேன். அதற்கு முன்னும் எடுத்திருக்கிறேன். அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்கு, தம்பியின் கலியாணத்துக்கு, தம்பியின் பிள்ளைகளுக்கு அம்மை போட்டபோது, அம்மாவின் கடைசி மாதங்களில், பிறகு அந்தியேட்டிக்கு. கந்தோரில் இத்தனை வருடத்தில் நான் எடுத்த ஒவ்வொரு லீவும் வேறு யாருக்காவது எடுத்ததுதான். இந்தமுறை விண்ணப்பத்தில் காரணம் எழுதும் இடத்தில் 'ஓய்வு' என்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி என்னைவிட இருபது வயது இளையவர். கடதாசியைப் பார்த்துவிட்டு, "மிஸ்ஸுக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டார்.

"நல்ல சுகமா இருக்கிறன். அதுதான் கேக்கிறன்" என்றேன்.

நான் கலியாணம் செய்யவில்லை. இணுவிலில் அப்பா கட்டிய வீட்டில் தம்பி குடும்பத்தோடு இருக்கிறேன். வியாழக்கிழமை பருத்தித்துறைக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புவதாக வீட்டில் சொன்னபோது தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப என்னத்துக்கு?"

"கடல் பாக்க."

"கீரிமலைக்குப் போய்ப் பாத்திட்டுப் பின்னேரம் வரலாமே, அக்கா."

"பின்னேரம் வர எனக்கு விருப்பமில்லை."

அவன் சிரித்தான். பகிடி என்று நினைத்திருப்பான். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் எங்கள் சொந்தக்காரர் வந்து, பருத்தித்துறைக் கடற்கரையில் அறை எடுத்துத் தங்கி, நனைந்த தலையோடு படம் எடுத்து அனுப்புவார்கள். அந்தக் கடலிலிருந்து முப்பது கிலோமீற்றரில் பிறந்த நான் முழங்காலுக்கு மேல் அதில் இறங்கியதில்லை. இதை அவனுக்கு விளங்கப்படுத்த நான் முயலவில்லை. வியாழன் மத்தியானம் ஒரு பையை ஸ்கூட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

உரும்பிராய், புத்தூர், ஆவரங்கால் வரை ஒன்றுமில்லை. வல்லைவெளியில்தான் தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று பிடித்தது. ஒரு மரம் மறைப்பில்லாத வெளி. வலப்பக்கத்தால் அடித்த காற்று ஸ்கூட்டியை வீதிக்கு வெளியே தள்ளப் பார்த்தது. கைகள் விறைத்துப்போய், ஆள் நடக்கும் வேகத்தில் போனேன். பின்னால் வந்த ஒரு லொறி என்னை முந்தவில்லை. என் வலப்பக்கமாக வந்து, என் வேகத்துக்கே தன் வேகத்தையும் குறைத்தது. உடனே காற்று நின்றுவிட்டது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, இடிக்கப் பார்க்கிறான் என்று. பிறகுதான் விளங்கிற்று, அந்த மனிதன் காற்றை மறைத்துக்கொண்டு வருகிறான். வெளி முடியும்வரை அப்படியே வந்தான். பின்னால் வந்த வாகனங்களின் ஹோன் சத்தத்தை எல்லாம் கேட்டுக்கொண்டு வந்தான். வீடுகள் தொடங்கியதும் இரண்டு தரம் ஹோன் அடித்துவிட்டுப் போய்விட்டான். யன்னலால் தெரிந்த முழங்கையைத் தவிர அவனில் வேறொன்றும் நான் பார்க்கவில்லை.

பருத்தித்துறையில் நான் நினைத்துவந்த தங்குவிடுதியில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இணுவில் எண்டு கிடக்கு."

"ஓம்."

"உள்ளூர் ஆக்களுக்கு நாங்கள் ரூம் குடுக்கிறேல்லை, அம்மா."

அந்த நேரம் ஒரு வெள்ளைக்காரப் பெண் முதுகுப்பையோடு எங்களைக் கடந்து மாடிக்கு ஏறினாள். இருபத்தைந்து வயதுகூட இராது.

"அந்தப் பிள்ளையும் தனியத்தானே வந்திருக்கு?"

"அவையின்ரை விசயம் வேறை. உங்கடை அவரோ, அண்ணை தம்பியோ ஆரும் ஒருக்கா ஃபோனிலை கதைச்சால் யோசிக்கலாம்."

"எனக்கு ஐம்பத்து நாலு வயசு."

"அதுதான் சொல்லுறன்" என்றார் அவர்.

என்ன 'அதுதான்' என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. தம்பியின் இலக்கத்தை அடித்துக் கொடுக்க அரை நிமிடம் போதும். அவனும் மறுத்திருக்க மாட்டான். ஆனால் அந்த இலக்கத்தை அழுத்த என் விரல் போகவில்லை. அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். மணி நாலு. ஒரு மணித்தியாலத்தில் வீட்டுக்குப் போயிருக்கலாம். எல்லோரும் எதிர்பார்த்தது அதைத்தான். தம்பியின் மனைவி, என் மச்சாள், எனக்கும் சேர்த்து இரவுக்கு மா குழைத்து வைத்திருப்பாள். அந்த மாவை நினைத்ததும் ஸ்கூட்டியை மற்றப் பக்கம் திருப்பினேன்.

கரையோர வீதியால் போனேன். எங்கே போகிறேன் என்று தெரியாது. இன்னொரு விடுதி இருக்கும், ஒரு கோயில் மடம் இருக்கும் என்று நினைத்தேன். நான் விழுந்த ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே ஒரு வளைவில் கடல் மணல் தாருக்கு மேல் ஏறிக் கிடந்தது. பிறேக் பிடித்தேன். ஸ்கூட்டி சறுக்கி ஒருபக்கம், நான் ஒருபக்கம், பை வேறொரு பக்கம். பை திறந்து, என் நைற்றி, சவர்க்காரப்பெட்டி, துவாய், உள்ளுடுப்புகள் எல்லாம் வீதியில் கிடந்தன. முழங்காலில் தோல் போய் இரத்தம் வந்தது. கால் நோவைவிட அந்த உடுப்புகள்தான் என்னைக் கூசவைத்தன.

வீதியோரத்து வளவில் கருவாடு காயப்போட்டிருந்த ஒரு பெண் ஓடிவந்தார். அறுபது வயதிருக்கும், மெலிந்த உயரமான ஆள். அவர் முதலில் என்னிடம் வரவில்லை. உடுப்புகளை எல்லாம் ஒரே அள்ளலில் அள்ளிப் பைக்குள் போட்டுச் சிப்பை இழுத்து மூடினார். அதற்குப் பிறகுதான் என்னைத் தூக்கினார். அந்த ஒழுங்குக்காகவே அவரை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன்.

"கால் ஊண்ட ஏலுதே, தங்கச்சி?"

"ஏலுது."

அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் ஆசுபத்திரி என்றார். ஒருவர் பொலிஸ் என்றார். சைக்கிளில் நின்ற ஒருவர், "முதல்லை வீட்டுக்கு அறிவியுங்கோ. வயசான மனிசி தனிய வந்திருக்கிறா" என்றார். எல்லோரும் என் நன்மைக்குத்தான் சொன்னார்கள். எல்லோரும் சொன்னதன் முடிவு ஒன்றுதான். என்னை யாரிடமாவது ஒப்படைத்துவிட வேண்டும்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். "ஆருக்கேன் ஃபோன் அடிக்கவேணுமே?"

"ஒருத்தருக்கும் வேண்டாம், அக்கா. நான் லீவிலை வந்தனான்."

"அப்ப சரி" என்றார். ஏன், எதற்கு, புருசன் எங்கே, ஒன்றுமில்லை. அப்ப சரி. சைக்கிள்காரரைப் பார்த்து, "நீ உன்ரை வேலையைப் பார். அவ லீவிலை நிக்கிறா" என்று சொல்லிவிட்டு என் கையைத் தன் தோளில் போட்டு வளவுக்குள் கூட்டிப்போனார்.

விறாந்தையில் அவருடைய கணவர் வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்காமல் எழும்பி ஒரு கதிரையை இழுத்துவிட்டு, ஸ்கூட்டியைத் தூக்கிவரப் போனார். அந்த அக்கா முழங்காலைக் கழுவி, மணலை விரல் நுனியால் எடுத்து, மருந்து பூசினார். பூசிக்கொண்டே, "எந்த ஊர்?" என்று கேட்டார்.

"இணுவில்."

அவருடைய கை நின்றது. எழும்பி உள்ளே போகத் திரும்பியவர் வாசற்படியில் நின்று கேட்டார். "எங்கடை வீட்டிலை தண்ணி குடிப்பியளே? இல்லாட்டிக் கடையிலை சோடா வாங்குவிக்கட்டே?"

இதில் எந்தக் குத்தலும் இருக்கவில்லை. மழை வருமா என்று கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டார். எங்கள் பக்கத்து நிலமுள்ள கமக்காரச் சாதி வீட்டு ஆட்கள் இந்தக் கரையோரத்து வீடுகளில் வாய் நனைக்கமாட்டார்கள், மூடிபோட்ட சோடா என்றால் பரவாயில்லை. இது இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த சங்கதி. எங்கள் வீட்டில் அப்பாவின் காலத்தில் வேலைக்கு வருபவர்கள் தண்ணீர் குடிக்கவென்று வேறாக ஒரு மூக்குப்பேணி வெளியே கவிழ்த்து வைத்திருக்கும். அதைக் கழுவி வைப்பது சிறுவயதில் என் வேலை.

நான் ஒரு கணம் தாமதித்தேன். இதை மறைத்து எழுதினால் மற்றதெல்லாம் பொய். கந்தோரில் எல்லோரோடும் பக்கத்தில் இருந்து சாப்பிடுகிறவள் நான். சாதி பார்க்காதவள் என்று என்னைப் பற்றி நானே சொல்லிக்கொண்டிருந்தவள். அந்தப் படியில் நின்று ஒருவர் நேரே கேட்டபோது என் வாய் உடனே திறக்கவில்லை. அவர் அதைக் கண்டார். கண்டும் முகம் மாறாமல், சோடாவுக்கு ஆள் அனுப்பப் படலைப் பக்கம் பார்த்தார்.

"சோடா வேண்டாம். தண்ணி தாங்கோ" என்றேன். என் குரல் தேவைக்கு மேல் உரத்துக் கேட்டது.

செம்பில் கொண்டுவந்தார். அண்ணாந்து குடிக்காமல் வாய் வைத்தே குடித்தேன்.

"உங்கடை பக்கத் தண்ணி நல்ல தண்ணி. இது கொஞ்சம் உவர்" என்றார்.

"ஓம், உவர்தான். இன்னும் கொஞ்சம் தாங்கோ."

அப்போதுதான் அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

நான் தங்க இடம் தேடுகிறேன் என்றும், விடுதியில் என்ன நடந்தது என்றும் சொன்னேன். அவர் நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். கணவர் தலையாட்டினார். அவ்வளவுதான் அவர்களுக்குள் நடந்த பேச்சு. மகள் கலியாணம் செய்துபோன அறை சும்மா கிடந்தது. யன்னலைத் திறந்தால் மணல், மணலுக்கு அங்கால் கடல். விடுதியிலும் எனக்கு இப்படி ஓர் அறை கிடைத்திராது.

பொழுது பட இடியப்பமும் சொதியும் பாரைமீன் குழம்பும் தந்தார். நாங்கள் குசினியில் பலகையில் இருந்து சாப்பிட்டோம். யுத்தத்தில் இடம்பெயர்ந்த காலத்தைப் பற்றிக் கதை வந்தது. எங்கள் நாட்டில் இரண்டுபேர் அரை மணித்தியாலம் கதைத்தால் அது வந்துவிடும். அவர்கள் கைப்பிள்ளையோடு எங்கள் பக்கத்துக்கு வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கிறார்கள்.

"பக்கத்து வளவிலை பெரிய கிணறு. எங்களை அள்ள விடேல்லை. வாளியையும் கயித்தையும் கழட்டி உள்ளை கொண்டுபோட்டினம். கைப்பிள்ளைக்குப் பால்மா கரைக்கத் தண்ணி இல்லாமல் ஒரு மைல் நடந்தனான்."

"எந்த ஊரிலை?" என்று கேட்டேன்.

சொன்னார். எங்கள் ஊரில்லை, கிட்டிய ஊர். எங்கள் ஊரில்லை என்று எனக்குள் ஓர் ஆறுதல் வந்தது. வந்த உடனேயே அந்த ஆறுதலை வெறுத்தேன். அந்த நாட்களில் எங்கள் கிணற்றடியில் என்ன நடந்தது என்று எனக்கு ஞாபகமில்லை. ஞாபகமில்லை என்பதை நம்பிவிடவும் முடியவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"உங்களைச் சொல்லேல்லை, தங்கச்சி. கதைக்கு வந்தது, சொன்னனான். மீன் இன்னொரு துண்டு போடட்டே?"

"போடுங்கோ."

சாப்பிட்டுக் கை கழுவும்போது தம்பி ஃபோன் எடுத்தான். நடந்ததைச் சொன்னேன். விழுந்ததைக் கேட்டுப் பதறினான். எங்கே நிற்கிறேன் என்றும் சொன்னேன்.

"அங்கை சாப்பிட்டனீங்களே?"

"ஓம். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டனான்."

"உங்களுக்கு என்ன விசரே அக்கா? காலமை நான் வந்து கூட்டிக்கொண்டு வாறன்."

"நீ வா. ஆனால் நான் வரமாட்டன்."

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால் அந்த அக்கா குசினி வாசலில் நின்றார். எவ்வளவு கேட்டிருப்பார் என்று தெரியவில்லை. "தம்பியே? வரட்டும். தேத்தண்ணி குடுப்பம்" என்றார்.

விடிய ஏழு மணிக்கெல்லாம் தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து படலைக்கு வெளியே நின்றான். அக்காவின் கணவர் என் ஸ்கூட்டியின் வளைந்த காண்டில் கைபிடியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். "உள்ளை வாங்கோ, தம்பி" என்றார். தம்பி உள்ளே வந்தான். ஆனால் கதிரையில் இருக்கவில்லை. அக்கா இரண்டு கோப்பைத் தேத்தண்ணியைத் தட்டில் வைத்து விறாந்தைக்குக் கொண்டுவந்தார்.

"இல்லை, இல்லை. நான் இப்பதான் குடிச்சிட்டு வாறன்."

"எங்கை குடிச்சனீ?" என்று கேட்டேன்.

"வழியிலை."

"எந்தக் கடையிலை?"

அவன் என்னைப் பார்த்தான். அக்கா கேட்காதவர்போலத் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனார். அவருக்கு இது புதிதல்ல. தட்டை வைக்கும்போதே அவருக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு கோப்பை ஊற்றியிருக்கிறார். எனக்கு வந்தது அழுகையில்லை, கோபம். என் தேத்தண்ணியைக் குடித்தேன். குடித்து முடித்துக் கோப்பையை வைத்துவிட்டு, அவனுடையதை எடுத்து அதையும் குடித்தேன். நல்ல சாயம், இஞ்சி இடித்துப் போட்டது, சூடு நாக்கைச் சுட்டது. அவன் பார்த்துக்கொண்டு நிற்க, கடைசி மண்டி வரை குடித்தேன்.

"சனம் என்ன சொல்லும் அக்கா?" என்றான் மெதுவாக.

"நான் விழுந்து கிடக்கேக்கை அந்தச் சனம் வரேல்லை. இவை வந்தவை. நேற்றுப் பருத்தித்துறையிலை ரூம் கேட்டன், உன்னைக் கேட்டுச் சொல்லச் சொன்னாங்கள். எனக்கு ஐம்பத்து நாலு வயசு. நான் உன்னைக் கேக்கேல்லை, இனியும் கேக்கமாட்டன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வருவன். போ."

அவன் போனான். அவன் கெட்டவனில்லை. சோளகக் காற்றில் ஒரு மணித்தியாலம் எனக்காக ஓடிவந்தவன். அதை நினைத்தால் இப்போதும் மனம் உருகும். ஆனால் அந்தக் கோப்பையை அவனால் எடுக்க முடியவில்லை.

அன்று மத்தியானம் அக்கா பருப்பும் கத்தரிக்காயும் சமைத்தார். "வெள்ளிக்கிழமை, எங்களுக்கு மீன் மச்சமில்லை" என்றார். இதைக்கூட அறியாமல் இத்தனை காலம் எங்கள் வீட்டில் மட்டும்தான் வெள்ளிக்கிழமை வருகிறது என்பதுபோல இருந்திருக்கிறேன். பின்னேரம் அவரோடு கோயிலுக்குப் போனேன். பக்கத்து வளவுப் பெண்ணொருத்தி, "உவ ஆர்?" என்று என் காது கேட்கவே கேட்டாள். "என்ரை வீட்டுக்கு லீவிலை வந்து நிக்கிறா" என்று அக்கா உரத்துச் சொன்னார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை காலை கடலில் இறங்கினேன். சோளகம் வீசும் காலத்தில் வடக்குப் பார்த்த அந்தக் கரை குளம்போலக் கிடக்கும். முழங்கால் புண்ணில் உப்பு பட்டு உயிர் போனது. "வெளியிலை வாங்கோ" என்று கரையில் நின்ற யாரோ கத்தினார்கள். நான் வரவில்லை. அக்கா சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். அவர் என் கையைப் பிடிக்கவில்லை. நான் விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் நின்றார். கழுத்தளவு தண்ணீருக்குப் போய், கண்ணை மூடி முங்கி எழும்பினேன். எழும்பியபோது நான் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு அவர்தான் சொன்னார். எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சொன்னபடி வீட்டுக்குப் போனேன். மச்சாள் வாசலில் நின்று, "குளிச்சிட்டு உள்ளை வாங்கோவன்" என்றாள். முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இரண்டு நாளாக் கடலிலை குளிச்சுக்கொண்டுதான் இருந்தனான்" என்று சொல்லிவிட்டு நேரே உள்ளே போய், குசினியில் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். இரண்டு கிழமை அந்த வீட்டில் என்னோடு யாரும் அளவுக்கு மேல் கதைக்கவில்லை. எனக்கு அது பெரிய வசதியாக இருந்தது.

மாரி தொடங்க முன் அந்த அக்காவுக்கு யாழ்ப்பாணத்தில் கண் பார்க்கவேண்டி வந்தது. கிளினிக் முடிய எங்கள் வீட்டுக்கு வரவேண்டும் என்று ஃபோனில் கட்டாயப்படுத்தினேன். அவர் உடனே சம்மதிக்கவில்லை. "உங்களுக்குக் கரைச்சல், தங்கச்சி" என்றார். "கரைச்சல் வரட்டும்" என்றேன்.

வந்தார். புதுச் சீலை கட்டி, ஒரு பையில் கருவாடு கொண்டுவந்தார். விறாந்தையில் நிற்கப் பார்த்தவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, அப்பாவின் காலத்துச் சாப்பாட்டு மேசையில் இருத்தினேன். மச்சாள் தலையிடி என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். எங்கள் இருவருக்கும் நான் சோறு போட்டேன். பாதிச் சாப்பாட்டில் தம்பி வந்துவிட்டான். வாசலில் நின்று எங்களைப் பார்த்தான். அக்கா எழும்பப் போனார். நான் அவருடைய தோளில் கையை வைத்து அழுத்தினேன்.

"வாங்கோ. சாப்பிடுங்கோ" என்றான் தம்பி. பிறகு, "கண்ணுக்கு என்ன சொன்னவை?" என்று கேட்டான். அவர் பதில் சொன்னார். நின்றபடியே முழுவதையும் கேட்டுவிட்டு, உடுப்பு மாற்ற உள்ளே போனான். மேசைக்கு வரவில்லை.

அக்காவை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது அவன் முற்றத்தில் நின்றான். "நான் மரியாதையாத்தானே கதைச்சனான்?" என்றான், பிள்ளைபோல.

"ஓம், கதைச்சனீ. ஆனால் அது மட்டும் காணாது" என்றேன்.